இடைவேளைக்குப் பிறகு நான் பார்க்காத படங்கள்

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை, அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் நான் கோபமில்லாமல் எழுதியதாக வைத்துக்கொள். இனிமேல் வருவதெல்லாம் கோபம்தான். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சரிம்மா சரிம்மா என்று நாலு தடவை சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கும்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாய். பிறகு நான் சுவரோடுதான் பேச வேண்டும். கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் தீர வேண்டும், நடுவில் வைக்க முடியாது. வைத்தாலும் மறுபடி எடுத்துப் பார்க்கத் தோன்றும்.

உன் கட்டுரையைப் படித்தேன். நீ அனுப்பவில்லை, அனுப்பத் தைரியம் இருந்திருக்காது. உன் தங்கைதான் அவள் வேலைபார்க்கும் மருந்துக்கடையில் அச்செடுத்து நாலு பக்கமாகக் கொண்டுவந்து, அண்ணன் நம்ம பழைய சினிமாக் கொட்டகையைப் பத்தி என்னமா எழுதியிருக்கான் பாரும்மா என்று கையில் கொடுத்தாள். தலைப்பைப் பார்த்தேன். 'அம்மாவின் கிளைமாக்ஸ்'. பத்து மாதம் சுமந்து பெற்றவளை நாலு பேர் சிரிக்க வைக்க இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காதுதான். கீழ்வீட்டு டியூஷன் டீச்சர் எனக்கு முன்னாலேயே தன் போனில் படித்துவிட்டாள் போலிருக்கிறது. மாடிப்படியில் என்னைப் பார்த்ததும், ஏன் ஆன்ட்டி, நீங்க எல்லாப் படத்துக்கும் தப்புத் தப்பா முடிவு சொல்வீங்களாமே என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள். நேற்றுப் பிறந்தவள், அவளுக்கு நான் கேலிப்பொருள். அதையும் பொறுத்திருப்பேன். ஆனால் பழைய கொட்டகைகளைப் பற்றிப் பலபேர் எழுதியதைச் சேர்த்துப் புத்தகமாகப் போடுகிறார்களாம், அதில் உன்னுடையதுதான் முதலில் வருகிறதாம், இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறதாம். போனில் வருவது நாளைக்கே எங்கேயோ போய்விடும். புத்தகம் அப்படி இல்லை. நான் போன பிறகும் அலமாரியில் இருக்கும், உன் மகள் எடுத்துப் படிப்பாள், நம் பாட்டி சினிமா பிடிக்காத ஒரு அசட்டுப் பொம்பளை என்று நினைத்துக்கொள்வாள். அச்சுக்குப் போவதற்குள் நீ அதைத் திருத்தியாக வேண்டும். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

கொட்டகையைப் பற்றி நீ எழுதியதில் நான் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால் நன்றாகவே எழுதியிருக்கிறாய், தமிழ் உனக்கு என் பக்கத்திலிருந்து வந்தது. திரைக்கு முன்னால் தொங்கிய சிவப்புத் துணி மடிப்பு மடிப்பாக மேலே ஏறுவதையும், மழை பெய்தால் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்காமல் ஜனங்கள் தங்களுக்குத் தோன்றிய வசனத்தைச் சொல்லிக்கொண்டதையும், டார்ச்சு என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த வாசல்காரர் இருட்டில் முகத்தில் வெளிச்சம் அடித்து இடம் காட்டியதையும் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. பெஞ்சில் ஆணி துருத்திக்கொண்டு உன் டிராயர் கிழிந்ததைக்கூட விடவில்லை. அப்புறம் சிவப்பு வாளிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். தீப்பிடித்தால் கொட்டுவதற்காக மணல் நிரப்பி வரிசையாக மாட்டியிருந்த வாளிகள், அதில் கையை விட்டுச் சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு நீ கோட்டை கட்டியது, உன் பால்ய காலத்திலேயே மிக சந்தோஷமான நேரம் அதுதான் என்று. மகனே, அந்த வாளிகள் உள்ளே இல்லை. வெளியே வராந்தாவில் இருந்தன. உள்ளே படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நீ வராந்தாவில் என்ன செய்துகொண்டிருந்தாய், அந்த வயதில் உன்னைத் தனியாகவா விட்டிருப்போம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்று எழுதும்போது ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தாயா? பெரிய படிப்பெல்லாம் படித்திருக்கிறாய்.

அம்மாவுக்கு சினிமா பிடிக்காது, இடைவேளை விட்டதும் எழுந்து வெளியே போய்விடுவார், அப்பாதான் கடைசிவரை ரசித்துப் பார்ப்பார் என்று எழுதியிருக்கிறாயே, யாரடா சொன்னது உனக்கு? வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நிற்பேன். காலையில் உள்ளே போனால் நீராவியில் முகமும் கையும் வெந்துபோகும், எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு, எத்தனை தலையணை உறை, எத்தனை துண்டு என்று எண்ணி எண்ணித் தூக்கத்திலும் எண்ணிக்கொண்டிருப்பேன். ஞாயிறு ஒரு நாள்தான் எனக்கு. அந்த ஒரு நாளிலும் காலையில் எழுந்து உங்கள் துணி, உங்கள் அப்பா துணி, சமையல், பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு மணிக்குள் முடித்து, தலையை வாரி, உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்னி ஷோவுக்கு நான்தான் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பேன். உன் அப்பா அப்போதுதான் சட்டையைத் தேடுவார். வியாழக்கிழமையே போஸ்டர் மாற்றிவிட்டானா என்று பார்க்க நான் வேலை விட்டு இரண்டு தெரு சுற்றிக்கொண்டு வருவேன். இதெல்லாம் சினிமா பிடிக்காதவள் செய்கிற காரியமா? பிடிக்காதவளாம். எனக்குப் பிடித்தது உலகத்தில் இரண்டே இரண்டுதான் இருந்தது, ஒன்று சினிமா, இன்னொன்று என்னவென்று கேட்காதே, இப்போது கோபத்தில் இருக்கிறேன்.

நான் ஏன் வெளியே போனேன் என்று சொல்கிறேன் கேள். உனக்கு இரண்டு வயதில் ஆரம்பித்தது. முன்பாதி முழுவதும் நீ தங்கமான பிள்ளை. மடியில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்ப்பாய், பாட்டு வந்தால் காலை ஆட்டுவாய், பக்கத்தில் இருப்பவர்கள்கூடக் கன்னத்தைக் கிள்ளுவார்கள். இடைவேளையில் கலர் சோடா, ஒரு பொட்டலம் கடலை எல்லாம் உள்ளே போகும். அப்புறம் மணி அடித்து விளக்கை அணைப்பார்கள். அவ்வளவுதான். முதல் தடவை அணைத்தபோது வராத பயம் இரண்டாம் தடவை உனக்கு எங்கிருந்து வந்ததோ, கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரி ஓலம். தட்டிப் பார்த்தேன், வாயைப் பொத்திப் பார்த்தேன், முகத்தை என் தோளில் புதைத்துப் பார்த்தேன், ஒன்றுக்கும் மசியமாட்டாய். பின்னாலிருந்து ஏம்மா, புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய போம்மா, காசு குடுத்து இதையா கேக்க வந்தோம் என்று கத்துவார்கள். போம்மா, கவனித்தாயா? என்னை ஒட்டி உன் அப்பா பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து ஒருத்தனாவது எழுந்து போய்யா என்று சொன்னதில்லை. பிள்ளை எனக்கு மட்டும் பிறந்த மாதிரி. அவரும், நீ தூக்கினாத்தான் அவன் அடங்குவான் என்பார். உண்மைதான், வெளியே வெளிச்சத்துக்கு வந்ததும் சுவிட்சை அணைத்த மாதிரி நிறுத்திவிடுவாய், நேரே வாளிக்குப் போய் மணலில் கையை விடுவாய். ஒரு தடவை நீ சமாதானமாகிவிட்டாய் என்று நம்பி மறுபடி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன், வாசலில் தொங்கிய கறுப்புத் துணியை விலக்கியதுமே ஆரம்பித்துவிட்டாய். அதோடு விட்டேன். உனக்கு ஆறு வயதாகிப் பயம் தெளிந்தபோது உன் தங்கை பிறந்துவிட்டாள், அவள் உன் வேலையை எடுத்துக்கொண்டாள், அவளுக்கு நாலு வயதாகும்வரை. ஆக மொத்தம் எட்டு வருஷம் நான் ஒரு படத்தின் பின்பாதியும் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போய்விடுவாராம்!

அந்த எட்டு வருஷமும் நான் வராந்தாப் படியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிய படங்களுக்குக் கீழே உட்கார்ந்து காதால் படம் பார்த்தேன். யாரோ அழுவது கேட்கும், யாரோ ஓடுவது கேட்கும், யார் என்று தெரியாது. டார்ச்சுவிடம் கேட்டால் அந்த மனிதர், நான் பேட்டரியப் பாப்பேனா படத்தப் பாப்பேனா என்பார். படம் விட்டு ஜனங்கள் வெளியே வரும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்து, சுபமா இல்லையா என்று ஊகிப்பேன். அப்புறம் உன் அப்பா வருவார். வீட்டுக்கு நடக்கிற இருபது நிமிடத்தில் பின்பாதி முழுவதையும் எனக்குச் சொல்வார். இதை நீ கட்டுரையில் எழுதவே இல்லை, உனக்குத் தெரியாது, அவர் தோளில் தூங்கிக்கொண்டு வருவாய். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வாயைத் திறக்காமல் லென்ஸ் தேய்க்கிற மனிதர், வீட்டிலும் கேட்டதற்குத்தான் பதில், ஆனால் அந்த இருபது நிமிடம் மட்டும் பின்னணி இசையோடு சொல்வார், கையை ஆட்டுவார், நடுத்தெருவில் நின்று நடித்துக் காட்டுவார். சைக்கிள்காரர்கள் மணி அடித்துத் திட்டிக்கொண்டு போவார்கள். அந்த இருபது நிமிடத்துக்காக எனக்குப் பின்பாதி போனால் போகிறது என்றுகூட இருந்தது. அவர் சொன்னதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் சொல்வேன், பிற்பாடு உங்களுக்கும் அதையேதான் கதையாகச் சொன்னேன். பெரிய விரிப்பை ஒருத்தி மடிக்க முடியாது, இரண்டு பேர் எதிரெதிரே நின்று நாலு முனையையும் பிடித்து, உதறி, சேர்ந்து வந்து, பிரிந்து போய் மடிக்க வேண்டும், ஒரு கதை இல்லாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. உனக்கு ஜோடி அக்காவை நினைவிருக்குமே, ஒரு கண் லேசாகச் சாய்ந்திருக்கும், உனக்கு ரொட்டி கொண்டுவந்து தருவாள், அவள்தான் என் மடிப்பு ஜோடி. அவளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வீட்டுக்கு டிவி வந்து, பழைய படங்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தபோது நீங்கள் இரண்டு பேரும் வளர்ந்துவிட்டீர்கள். நான் அடுப்படியில் இருப்பேன், அல்லது மாலை ஷிப்டில் இருப்பேன். அம்மா, நீ சொன்ன முடிவு இல்லம்மா இது என்று ஓடிவந்து சொல்வீர்கள், சிரிப்பீர்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அம்மா கிளைமாக்ஸ் என்று பெயர். மழை வரும் என்று சொல்லி வராவிட்டால் அம்மா கிளைமாக்ஸ். பஸ் தாமதமாக வந்தால் அம்மா கிளைமாக்ஸ். நானும் எனக்குத்தான் ஞாபகப் பிசகு என்று நினைத்துக்கொண்டு உங்களோடு சேர்ந்து சிரித்தேன். முப்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது நீ அதைக் கட்டுரையாக்கி, நான் தப்பாகச் சொன்ன ஐந்து படங்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் உண்மையான முடிவு என்ன, அம்மா சொன்ன முடிவு என்ன என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அதற்கு உனக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐந்தையும் ஒரே இடத்தில் நான் பார்த்தது அப்போதுதான். லாரியோடு பள்ளத்தில் விழுந்து செத்த அண்ணன், என் கதையில் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்துவிட்டான். தூக்கில் தொங்கிய நிரபராதிக்கு என் கதையில் கடைசி நிமிடத்தில் தந்தி வந்துவிட்டது. காசநோயில் போனவள் மூன்று வருஷம் கழித்து நன்றாகச் சதைபோட்டுத் திரும்பி வந்துவிட்டாள். ஐந்திலும் அப்படியே, செத்தவர்கள் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் விரிப்பு எண்ணினவள் நான், கணக்கு ஒரே பக்கமாகத் தப்பினால் அது மறதி இல்லை, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஞாபகப் பிசகு என்றால் பிழைத்திருப்பவர்களில் ஒருத்தனையாவது நான் சாகடித்திருக்க வேண்டாமா?

கட்டுரையைக் கையில் எடுத்துக்கொண்டு உன் அப்பாவிடம் போனேன். மேஜையில் யாருடைய கண்ணாடியையோ துடைத்துக்கொண்டிருந்தார், ஓய்வு பெற்றும் தெருவில் இருக்கிற கண்ணாடியெல்லாம் இவரிடம்தான் வருகிறது. ஐந்து முடிவையும் சத்தமாகப் படித்தேன். இதெல்லாம் எனக்கு யாருங்க சொன்னது என்று கேட்டேன். காதில் மாட்டியிருக்கிற மெஷினைத் தொட்டுப் பார்த்து, பேட்டரி தீந்துபோச்சு போல என்றார். காலையில்தான் நானே புதிது போட்டுக் கொடுத்தேன். மெஷினைக் கழற்றி வாங்கி, நன்றாகத் திருகி, திரும்பக் காதில் மாட்டிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டேன். அப்புறம்தான் வாயைத் திறந்தார். உனக்கு அடுத்துப் பிறந்தது தங்காமல் போனது உனக்குக் கொஞ்சமாவது நினைவிருக்கும், அப்போது உனக்கு நாலு வயது. அது போய் இரண்டு மாதத்தில் ஒரு படம் வந்தது. ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி, காய்ச்சலில் கிடக்கும் கைக்குழந்தையோடு டவுன் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போகிறாள், வெள்ளத்தில் ரயில் நடுவழியில் நின்றுவிடுகிறது, அங்கே இடைவேளை விட்டார்கள். நீ ஓலமிட்டாய், நான் வெளியே போனேன். அன்றைக்கு வெளியே வந்த ஜனங்களில் ஒரு முகமாவது காய்ந்திருக்கவில்லை. உன் அப்பா சொல்கிறார், நான் வெளிய வந்தேன், நீ படியில உக்காந்திருந்தே, அவன் உன் மடியில தூங்கிட்டிருந்தான், அந்தக் குழந்தை என்னாச்சுங்கன்னு கேட்டே, எனக்கு வாய் வரல, வழியில ஒரு டாக்டர் ஏறி ஊசி போட்டாரு, பொழச்சிக்கிச்சுன்னு சொல்லிட்டேன், நீ சிரிச்சே, ரெண்டு மாசத்துல அன்னிக்குத்தான் சிரிச்சே என்று. அப்படியானால் ஏன் எல்லோரும் அழுதுகொண்டு வந்தார்கள் என்று நான் அன்றைக்கே கேட்டேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனந்தக் கண்ணீர் என்று சொன்னார் இந்த மனிதர்! நானும் நம்பினேன்.

அந்த ஒரு படத்துக்குச் சொன்னதை நான் மன்னிப்பேன். ஆனால் அதற்கப்புறம் ஆறு வருஷம், யார் செத்தாலும் எழுப்பி உட்காரவைத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார். ஆரம்பிச்சிட்டேன், எப்படி நிறுத்துறதுன்னு தெரியல என்கிறார். சரி, தெரியவில்லை. டிவி பார்த்து நீங்கள் என்னைக் கேலி செய்து சிரித்தபோது அதே மேஜையில் உட்கார்ந்து அவரும் சேர்ந்து சிரித்தாரே, அது எதற்கு? அம்மா கிளைமாக்ஸ் இல்லை அது, அப்பா கிளைமாக்ஸ். ஒரு தடவையாவது டேய், அது அவ சொன்னதில்ல, நான் சொன்னது என்று அந்த வாயிலிருந்து வந்திருக்க வேண்டாமா? அவர் நல்லவர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. நல்லவர்களோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நல்லவர்களைக் கட்டியவர்களுக்குத்தான் தெரியும். எனக்குச் சாவு தாங்காதாம். பிரசவ வார்டு விரிப்பிலிருந்து பிணவறை விரிப்புவரை என் கையால் எண்ணிக் கொதிநீரில் போட்டவள் நான், எந்த விரிப்பில் என்ன நடந்தது என்று கறையைப் பார்த்தே சொல்வேன், எனக்கு சினிமாவில் சாவது தாங்காதாம்! இன்னொன்று சொல்கிறேன், இதை இதுவரை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. குழந்தை போனபோது என்னை யாரும் அழவிடவில்லை. உனக்குத்தான் ஒரு பையன் இருக்கானே, அவனைப் பாத்து மனசத் தேத்திக்கோ என்றார்கள். பத்தாம் நாள் வேலைக்குப் போனேன், அங்கே கண் கலங்கினால் மேற்பார்வையாள் வந்து நிற்பாள். வீட்டில் கலங்கினால் நீ பயந்துபோவாய், உன் அப்பா சாப்பிடாமல் எழுந்துவிடுவார். உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் எத்தனை அழுதாலும் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இருட்டில், பெஞ்சில், சுற்றிலும் முந்நூறு பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும் இடத்தில். அதற்காகத்தான் அன்றைக்கு நான் அந்தப் படத்துக்குப் போனேன். அழுகைப் படம் என்று போஸ்டரைப் பார்த்தாலே தெரிந்தது, தெரிந்துதான் போனேன். நீ என்னை வெளியே இழுத்துவந்துவிட்டாய், உனக்குப் புத்தி தெரியாத வயது, உன்மேல் தப்பில்லை. உன் அப்பா அதையும் சுபமாக்கிக் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு வரவேண்டிய அழுகை அது. அதை எடுத்துக்கொள்ள அவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

இப்போது ஜோடி அக்கா. அந்த ரயில் படத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை, விரிப்பை மடித்துக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னேன், டாக்டர் ஏறினார், ஊசி போட்டார், குழந்தை வீல் என்று கத்தியது, ரயில் புறப்பட்டது, சுபம் என்று. அவள் அதே ஞாயிறு மாலைக் காட்சிக்குப் போயிருந்தாள். யாரு சொன்னா, அந்தக் குழந்தை செத்துப்போயிடுதுடி, செத்த புள்ளைய மடியில வச்சிக்கிட்டேதான வந்து சேருறா என்றாள். நான் விரிப்பின் முனையை விட்டுவிட்டேன். குழந்தையைப் பறிகொடுத்து இரண்டு மாதம் ஆனவளிடம் வேண்டுமென்றே இப்படிச் சொல்கிறாளே, எவ்வளவு குரூரம் இவளுக்கு என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றாரு, அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, நீதான் மனசுல விஷம் வச்சிக்கிட்டுப் பேசற என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். எட்டு மாதம் அவளோடு பேசவில்லை. வேலையில் ஜோடி மாற்றமாட்டார்கள், அதனால் எட்டு மாதம் தினமும் எதிரெதிரே நின்று ஒரே விரிப்பைப் பிடித்துக்கொண்டு வார்த்தை இல்லாமல் மடித்தோம். அப்புறம் எப்படியோ பேசிக்கொண்டோம், ஆனால் பழைய மாதிரி இல்லை. அவள் அதற்கப்புறம் என்னிடம் சினிமாவைப் பற்றிப் பேசியதே இல்லை. போன புதன்கிழமை இரண்டு பஸ் மாறி அவள் மகன் வீட்டுக்குப் போனேன். முட்டி இரண்டும் போய் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அன்னிக்கு நீ சொன்னதுதான் நெஜம், நான்தான் உன்னைக் கண்டபடி பேசிட்டேன் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? புள்ளையப் பறிகொடுத்தவகிட்ட போய் அப்படிச் சொல்லிட்டமேன்னு நான்தான்டி இத்தனை வருஷமா என்னையே திட்டிக்கிட்டிருக்கேன் என்றாள். நாற்பது வருஷம்! உன் அப்பா ஒரு பொய் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார், அதற்கு அவள் நாற்பது வருஷம் தண்டனை அனுபவித்திருக்கிறாள். திரும்பி வந்து இதை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் அன்று மாலை தானே கிளம்பி அவள் வீட்டுக்குப் போய், அவள் கண்ணாடியைக் கழற்றி வாங்கிவந்து, புது லென்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறார். செய்யட்டும். நான் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கையிடம் சொல்லி அந்த ஸ்டேஷன் மாஸ்டர் படத்தை டிவியில் போடச் சொன்னேன். முன்பாதியை ஓட்டிவிடவா, நீ பாத்ததுதானே என்றாள். வேண்டாம், முதலிலிருந்து போடு என்றேன். பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அனுப்பச் சொன்னேன், ஜன்னல் துணியை இழுத்துவிடச் சொன்னேன். நடுவில் ரயில் நின்றது. என் கால் என்னை அறியாமல் எழுந்திருக்கப் பார்த்தது, அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஜோடி அக்கா சொன்னது சரிதான், டாக்டரும் இல்லை, ஊசியும் இல்லை. ரயில் வந்து நிற்கிறது, எல்லோரும் இறங்குகிறார்கள், அவள் மட்டும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் அழுதேன். சின்ன அழுகை இல்லை. உன் தங்கை பயந்துபோய் நிறுத்தப் போனாள், கையைத் தட்டிவிட்டு, முடியட்டும்டி என்று சத்தம் போட்டேன். உன் அப்பா வாசற்படியில் நின்றிருந்தார், உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று ஒருத்தரும் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கேட்கவில்லை.

ஆகவே உன் கட்டுரையை எடுத்துத் திருத்து. தலைப்பை மாற்று, என்ன வைப்பாயோ அது உன் பாடு. அம்மாவுக்கு சினிமா பிடிக்காது என்ற வரியை அடித்துவிட்டு, அம்மாவை நான் படம் பார்க்க விடவில்லை என்று எழுது. உன் அப்பாவைப் பற்றி எழுதுவதாக இருந்தால் எல்லாவற்றையும் எழுது, நான் திட்டியதையும் அவர் தெருவில் நின்று நடித்துக் காட்டியதையும் சேர்த்தே எழுது, ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் அது மறுபடியும் பொய்தான். வாளி மணலை எடுக்காதே, அது நன்றாக இருக்கிறது. புத்தகக்காரர்கள் இனிமேல் மாற்ற முடியாது என்று சொன்னால் உன்னுடையதையே எடுத்துவிடச் சொல். கெஞ்ச வேண்டாம், சொல்.

முதுகுவலி என்று தங்கையிடம் சொன்னாயாம், என்னிடம் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே பிழைப்பு நடத்துகிறவன், மணிக்கு ஒரு தடவை எழுந்து நட. மருமகளிடம் நான் கோபமாக இருப்பதாகச் சொல்லி அவளைக் கலவரப்படுத்தாதே, அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவள்தான் போன மாதம் தனியாகப் போன் பண்ணி அரைமணி நேரம் பேசினாள். பேத்தி இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்று சொன்னாளே, திட்டாதீர்கள், யாராவது ஒருவர் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள், இந்தத் தடவை அது நீயாக இருக்கட்டும். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த மனதோடு நீண்ட நாள் வாழ வேண்டும். கோபத்தில் சொன்னாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான்.

திருத்தும்போது முதல் வரியையும் திருத்திவிடு. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பிள்ளைகள் என்று ஆரம்பித்திருக்கிறாய். இரண்டு இல்லை, மூன்று. உனக்கு அடுத்தவள் ஒன்பது நாள் இருந்தாள். அவளுக்குப் பெயரும் வைத்திருந்தோம், இந்த வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. இருபதாம் தேதிக்குள் போன் பண்ணு. என் வாயால் சொல்கிறேன், கேட்டு எழுதிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா